கேம்பர் வேன் தண்ணீர் டேங்க் சென்சார்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். முன்பு டூரிஸ்ட் வேன் ஒயரிங்கும், குளச்சல், முட்டம் பக்கத்து வள்ளங்களில் விளக்கு, பம்ப் வேலையும்தான் பிழைப்பு. இப்போது கேம்பர் வேனும் சேர்ந்துகொண்டது. காஷ்மீரில் கிளம்பி கன்னியாகுமரியில் வந்து நிற்பவர்கள் ஒருபக்கம். பழைய டிராவலர் வேனை வாங்கி உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணி டேங்க் என்று கட்டிக்கொள்ளும் நம்மூர்க்காரர்கள் இன்னொரு பக்கம். இரண்டு கூட்டமும் கொண்டுவரும் புகார் ஒன்றேதான்: டேங்க் மீட்டர் சரியாகக் காட்டவில்லை.

போனில் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லாகவே விட்டிருக்கிறேன். புது சென்சாருக்கு ஆர்டர் போடும் முன் ஆறாம் கேள்வி வரையாவது படித்துவிடுங்கள். என் கைக்கு வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் சென்சார் நிரபராதி.

1. எங்க வண்டியில எந்த மாதிரி சென்சார் இருக்குன்னு எப்பிடி கண்டுபிடிக்கது?

டேங்கின் மேல்பக்கம் வட்டமான மூடி, அதைச் சுற்றி ஐந்து ஸ்க்ரூ, நடுவிலிருந்து இரண்டு ஒயர் வந்தால் அது மிதவை வகை. உள்ளே ஒரு ஸ்டெயின்லெஸ் குழாய் நிற்கும். காந்தம் பொதித்த மிதவை ஒன்று வளையம் போல அதில் ஏறி இறங்கும். குழாய்க்குள் வரிசையாக, காந்தம் பக்கத்தில் வந்தால் மூடிக்கொள்ளும் ரீட் சுவிட்சும், கரண்டைத் தடுக்கும் ரெசிஸ்டரும் இருக்கும். மிதவை நிற்கும் உயரத்துக்குத் தக்கபடி மின்தடை (ஓம் அளவு) மாறும், அதைத்தான் மீட்டர் படிக்கிறது. பழைய வகையில் குழாய்க்குப் பதில், பெட்ரோல் டேங்கில் இருப்பதுபோல் ஒரு கையும் நுனியில் மிதவையும் இருக்கும்.

டேங்கின் பக்கச் சுவரில் கீழிருந்து மேலாக நாலைந்து ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒயர் என்றால் ஆணி வகை. அடி ஆணிக்கும் கால், அரை, முக்கால், முழு ஆணிகளுக்கும் நடுவே தண்ணீர் வழியாகக் கரண்ட் ஓடினால் அந்தந்த விளக்கு எரியும். மேலிருந்து வெவ்வேறு நீளத்தில் கம்பிகள் தொங்கினாலும் கதை இதுதான்.

டேங்கில் துளையே போடாமல் வெளியே ஒரு பட்டை ஒட்டியிருந்தால் கெப்பாசிட்டிவ். மேலிருந்து கீழே பார்த்தபடி சின்னக் கண் ஒன்று இருந்தால், ஒலி அனுப்பி எதிரொலியால் தூரம் அளக்கும் அல்ட்ராசானிக். இங்கே அதிகம் வருவது முதல் இரண்டும்தான்.

2. மல்டிமீட்டர் இல்லாம முடியாதா அண்ணே?

பாதி தூரம் போகலாம். நாலாம் கேள்வியில் சொல்லும் சோதனைக்கு ஒரு முழம் ஒயர் போதும். மீதிக்கு வோல்ட்டும் ஓமும் அளக்கும் மல்டிமீட்டர் வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரணமானதே போதும். வண்டியை வீடாக வைத்திருப்பவர் வண்டியில் ஒன்று வைத்திருப்பது நல்லது.

3. வேலை தொடங்குகதுக்கு முன்னால எதையெல்லாம் ஆஃப் பண்ணணும்?

தண்ணி பம்ப் சுவிட்ச். வெளியிலிருந்து 230 வோல்ட் எடுத்திருந்தால் அந்தப் பிளக். இன்வெர்ட்டர். ஒயரை வெட்டி ஒட்டும் வேலை என்றால் பேட்டரியின் நெகட்டிவ் முனையையும் கழற்றுங்கள். சோலார் பேனல் இருந்தால் அதன் ஒயரைச் சார்ஜ் கன்ட்ரோலரிலிருந்து முதலில் எடுத்துவிட்டு அப்புறம் பேட்டரிக்கு வாருங்கள்.

ஆணி வகையில் ஸ்க்ரூவைத் திருப்பும் முன் டேங்கில் தண்ணீர் அந்த ஆணிக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். இதை மறந்து சீட்டுக்கு அடியில் இருந்த மெத்தை முழுக்க நனைந்து வந்தவர்கள் உண்டு.

4. டேங்கு நிறைய வெள்ளம் உண்டு, மீட்டர் ஒண்ணும் காட்டல்ல. சென்சார் போச்சா?

மார்த்தாண்டம் பக்கத்துக்காரர் ஒருவர் கேட்டது. அங்கே குடிக்கிற தண்ணீரும் வெள்ளம்தான், வெளியூர்க்காரர்கள் பதற வேண்டாம்.

முதலில் மீட்டர் இருக்கும் பேனலுக்கே உயிர் இருக்கிறதா பாருங்கள். விளக்கே எரியவில்லை, முள்ளே அசையவில்லை என்றால் ஃபியூஸையும், பேனலின் பின்னால் 12 வோல்ட் வருகிறதா என்பதையும் பார்த்துவிட்டுத்தான் டேங்குக்கு அருகே போக வேண்டும். அங்கே கரண்ட் இருந்தால் இனி பாதையை நடுவில் வெட்டிப் பார்க்கிற வேலை.

மிதவை வகையில் சென்சாரிலிருந்து வரும் இரண்டு ஒயரையும் கழற்றி மீட்டரைப் பாருங்கள். பிறகு மீட்டர் பக்கம் போகும் இரண்டு ஒயர் முனையையும் ஒன்றோடொன்று இரண்டு நொடி தொட வையுங்கள். கழற்றியபோது ஒரு கோடி, தொட்டபோது மறு கோடி என்று முள் ஓடினால் மீட்டரும் ஒயரும் நலம், கோளாறு சென்சாரில். இரண்டு நிலையிலும் முள் அசையாமல் கிடந்தால் சென்சாரை விட்டுவிடுங்கள், வழியில்தான் பிரச்சினை. ஆணி வகையில் அடி ஆணியில் ஒரு துண்டு ஒயரின் ஒரு முனையை வைத்து, மறுமுனையால் மற்ற ஆணிகளை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். தொட்ட ஆணியின் விளக்கு எரிய வேண்டும். எரியாத விளக்கின் ஒயரை மட்டும் தேடினால் போதும்.

ஒன்று கவனம். சென்சாரிலிருந்து மூன்று ஒயர் வந்தால் இந்தத் தொடுகிற சோதனை வேண்டாம். அதில் ஒன்றில் 12 வோல்ட் நிற்கும். எர்த்தோடு (பேட்டரி நெகட்டிவோடு சேரும் ஒயர்) அதைத் தொட்டால் ஃபியூஸ் போகும், ஃபியூஸ் இல்லாத வண்டி என்றால் ஒயரே போகும்.

5. போன வருஷம்தான் புதுசா ஒயர் இழுத்தேன். அதுக்குள்ள எப்பிடி கெடும்?

கடற்கரையில் வண்டியை நிறுத்திப் படுத்தீர்களா? அவ்வளவுதான் காரணம். முட்டத்திலோ கன்னியாகுமரியிலோ ஒரு வாரம் நின்ற வண்டியின் கண்ணாடியை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்பு தெரியும். அந்தக் காற்றுதான் ஒயர் முனைக்குள்ளும் போகிறது. சாதாரணச் செம்பு ஒயரின் உறையைச் சீவினால் உள்ளே இழைகள் கறுத்து, முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். வெளியே உறை புதுசு போல மின்னும், உள்ளே ஊளைச் செம்பு.

அதைவிட மோசம் எர்த். வேன் கட்டுகிறவர்கள் பலர் நெகட்டிவ் ஒயரைப் பாடி தகட்டில் ஒரு ஸ்க்ரூ போட்டு முறுக்கிவிடுகிறார்கள். ஸ்க்ரூவுக்கு அடியில் பெயிண்ட், பெயிண்டுக்கு அடியில் மெல்ல வளரும் துரு. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, பம்பை ஓடவிட்டு மீட்டரைப் பார்ப்பது. பம்ப் ஓடும்போது மட்டும் முள் துள்ளினாலோ, விளக்கு மங்கினாலோ பெரும்பாலும் எர்த்தில்தான் கோளாறு. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையைச் சென்சாரின் எர்த்திலும் மறுமுனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். பம்ப் ஓடும்போதும் கிட்டத்தட்ட சைபர் காட்ட வேண்டும். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பாதையில் எங்கோ தடை இருக்கிறது.

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு வண்டிக்கு இரண்டு நாள் பொறுத்து சென்சார் வரவழைத்து, மாட்டி, ஸ்விட்சைப் போட்டால் அதே பழைய கோணல். கடைசியில் கட்டிலுக்கு அடியில் ஒரு ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பினேன், முள் எழுந்து நின்றது. கழற்றிய நல்ல சென்சாரை அவரிடமே கொடுத்துவிட்டுக் கூலி வாங்காமல் அனுப்பினேன். அதிலிருந்து எர்த்தைப் பார்க்காமல் டேங்க் மூடியைத் தொடுவதில்லை.

6. ஒயரை முறுக்கி டேப் சுத்தினா போதாதா? எதுக்கு இவ்வளவு?

வீட்டுச் சுவருக்குள் என்றால் சில காலம் ஓடும். வண்டி ஆடுகிறது, டேங்க் பக்கத்தில் ஈரம், வெயிலில் டேப் பசை உருகி வழுக்கும். இணைப்பை கிரிம்ப் பண்ணி (உலோகக் குழலில் ஒயரைச் செருகி இடுக்கியால் நசுக்கி), உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் போட்டுச் சூடாக்குங்கள். பசை இரண்டு ஓரத்திலும் பிதுங்கி வந்தால் காற்று புகாது.

சால்டரிங் பலமில்லையா என்பார்கள். ஈயம் ஒயர் இழைகளுக்குள் ஏறி அந்த இடம் குச்சி போல விறைத்துவிடும், ஆட்டத்தில் விறைப்பு முடியும் ஓரத்தில் முறியும். ஓடுகிற வண்டிக்கு நல்ல கிரிம்ப் மேல். ஒயர் வாங்கும்போது வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் கேளுங்கள், இழைகள் வெள்ளி நிறத்தில் இருக்கும். போட் வேலைக்கு அதைத்தான் போடுகிறோம், களிம்பு சீக்கிரம் ஏறாது. எர்த்தைப் பாடியில் கொடுக்காமல் தனி ஒயராகப் பேட்டரி நெகட்டிவ் வரை இழுத்துவிட்டால் அஞ்சாம் கேள்வியே உங்களுக்கு வராது.

7. மிதவையைக் கழத்திச் சுத்தம் பண்ணலாமா, இல்ல புதுசுதானா?

நாலாம் கேள்விச் சோதனையில் சென்சார்தான் குற்றவாளி என்று முடிவானால் கழற்றுங்கள். ஸ்க்ரூக்களை எடுக்கும் முன் மூடிக்கும் டேங்குக்கும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஐந்து துளைகளும் சம இடைவெளியில் இருக்காது, ஒரே ஒரு நிலையில்தான் திரும்பப் பொருந்தும். கோடு போடாதவர்கள் மூடியைச் சுற்றிச் சுற்றித் தேடுவார்கள்.

ஒரு வண்டியில் கழற்றியதைச் சொல்கிறேன். கடலோர போர்வெல் தண்ணீரையே மாதக் கணக்கில் பிடித்திருக்கிறார்கள். குழாயின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு, வெந்நீர்ப் பானையின் அடியில் படியுமே வெள்ளை உப்பு, அது செதில் செதிலாக ஏறி, மிதவையை அப்படியே பிடித்து வைத்திருந்தது. நகத்தால் தட்டினேன், டக்கென்று ஒரு செதில் உதிர்ந்து மிதவை அரை அங்குலம் நகர்ந்தது. அதில் சென்சாரின் குற்றம் எதுவுமில்லை. எலுமிச்சைச் சாறு கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் நிற்க வைத்து, பழைய டூத்பிரஷால் தேய்த்ததும் வழுக்கிக்கொண்டு ஓடியது. சிட்ரிக் ஆசிட் பொடி இருந்தால் ஒரு லிட்டருக்கு இரண்டு ஸ்பூன் போதும். கம்பி பிரஷ், உப்புத்தாள் வேண்டாம், கீறல் விழுந்த இடத்தில் உப்பு இன்னும் சுகமாகப் பிடிக்கும்.

மிதவையையே உருவுவதானால் எது மேல், எது கீழ் என்று குறித்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் காந்தம் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக இருக்கும், கவிழ்த்து மாட்டினால் அளவு மாறும். சுத்தம் செய்தபின் மல்டிமீட்டரை ஓம்மில் வைத்து, மிதவையை அடியிலிருந்து நுனிவரை மெல்ல நகர்த்துங்கள். எண் படிப்படியாக ஒரே திசையில் போக வேண்டும். நடுவில் ஓரிடத்தில் மட்டும் திடீரென இணைப்பே இல்லை என்று காட்டினால் உள்ளே ஒரு ரீட் சுவிட்ச் போய்விட்டது. குழாய் மூடி அடைத்தது, பிரித்துச் சரிசெய்ய வழியில்லை, அதற்குப் புதுசுதான். மிதவையைத் தனியாக ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டும் பாருங்கள். பாதி முங்கிக் கிடந்தால் உள்ளே தண்ணீர் குடித்துவிட்டது.

8. டேங்கு காலி. ஆனா நாலு லைட்டும் எரிஞ்சிட்டு நிக்குது.

ஆணி வகையின் நிரந்தரப் பிணி. தண்ணீர் இறங்கினாலும் சுவரில் ஒரு ஈரப் படலம் நிற்கிறது. அதில் உப்பும் அழுக்கும் சேர்ந்திருந்தால் அதுவே ஒயர் மாதிரி வேலை செய்யும். டேங்க் மூடியைத் திறந்து ஒரு நாள் காயவிட்டு, விளக்கு அணைந்தால் காரணம் படலம்தான். ஆணிகளைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குச் சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். கை போகாத டேங்க் என்றால் சிட்ரிக் ஆசிட் தண்ணீரைக் கால்வாசி ஊற்றி, வண்டியை வடசேரி வரை ஓட்டிவிட்டு வாருங்கள். நம் ரோடு மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

காய்ந்தும் அணையாவிட்டால் ஆணிகளின் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். கழற்றியும் விளக்கு எரிந்தால் ஒயர் வழியில் எங்கோ ஒன்றோடொன்று ஒட்டுகிறது, அல்லது பேனல் போர்டு போயிற்று.

9. குடிதண்ணி டேங்கு சரியா காட்டுது. சிங்க் தண்ணி போற டேங்கு மட்டும் எப்பவும் பொய்.

சிங்கில் என்ன கழுவுகிறீர்கள் என்று கேட்டால் பதில் கிடைத்துவிடும். நாம் தேங்காய் எண்ணெய்க்காரர்கள். மீன் குழம்புச் சட்டி கழுவிய தண்ணீரில் எண்ணெய் மிதந்து போய், டேங்க் இறங்கும்போது ஆணியில் பூசிக்கொள்ளும். எண்ணெய் கரண்டைக் கடத்தாது, அதனால் தண்ணீர் இருந்தும் இல்லை என்று காட்டும். சோப்புப் படலம் நேர் எதிர்: தண்ணீர் இல்லாமலே இருக்கிறது என்று காட்டும். இரண்டும் சேர்ந்த டேங்கில் மீட்டர் பாவம், அதற்கே குழப்பம்.

ஊரில் ஒழுங்காக இருந்து கொடைக்கானல் போனதும் கெட்டுப்போனது என்று ஒருவர் சத்தியம் செய்தார். அதுவும் உண்மைதான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மலைக்குளிரில் ஆணிமேல் மெழுகு பூசியது போல ஆகிவிடும். சுடுதண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, இறக்கிவிட்டால் சரியாகும். சட்டியை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுகிறவர்கள் என்னிடம் இரண்டாம் முறை வருவதில்லை.

10. ஆர்ஓ தண்ணி நிரப்பினா மட்டும் மீட்டர் படுத்துடுது. இது என்ன அதிசயம்?

அதிசயமில்லை. ஆணி வகை அளப்பது தண்ணீரை இல்லை, தண்ணீரில் கரைந்த உப்பு கடத்தும் கரண்டை. ஆர்ஓ தண்ணீரிலும் மழைத் தண்ணீரிலும் உப்பு குறைவு, சில பேனல்களுக்கு அது பற்றாது. ஒரு கண்ணாடித் தம்ளரில் ஆர்ஓ தண்ணீரை எடுத்து, ஆணியிலிருந்து கழற்றிய இரண்டு ஒயரை முங்க வைத்துப் பாருங்கள். விளக்கு மங்கும், அல்லது எரியவே எரியாது. இரண்டு விரல் உப்பைப் போட்டுக் கலக்கினால் பளிச்சென்று வரும். இந்தச் சோதனையைத் தம்ளரில் செய்யுங்கள். டேங்கில் உப்புப் போட்டுவிட்டு ஒருவர் என்னிடமே வந்து கேட்டார், இப்போது குடிக்கிறதுக்கு என்ன செய்ய என்று.

நல்ல தண்ணீரையே எப்போதும் நிரப்புகிறவருக்கு மிதவை வகைதான் பொருத்தம். அது உப்பைப் பார்ப்பதில்லை.

11. உப்பு போக வினிகரும், கிருமி போக பிளீச்சிங் பவுடரும் ஒரே தடவையில போட்டா வேலை முடிஞ்சுடும்ல?

வேண்டாம். அமிலமும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவடைத்த வேனுக்குள் அது விளையாட்டில்லை. முதல் நாள் வினிகரோ எலுமிச்சையோ போட்டுக் கழுவி, இரண்டு முறை நல்ல தண்ணீர் ஊற்றி முழுதாக இறக்குங்கள். பிளீச்சிங் அடுத்த நாள். அதையும் டேங்கில் நாள் கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள், ஸ்டெயின்லெஸ் ஆணியையும் அது அரிக்கும்.

12. ஒரே ஒரு ஆணி மட்டும் தேஞ்சு கூர்மையாயிட்டு. யாரு தின்னா?

கரண்ட் தின்றது. தண்ணீருக்குள் டிசி கரண்ட் இடைவிடாமல் ஓடினால் பாசிட்டிவ் பக்கத்து உலோகம் கரைந்துகொண்டே போகும். கம்பெனிப் பேனல்களில் அமுக்கினால் மட்டும் காட்டும் பட்டன் வைத்திருப்பது அதற்காகத்தான். உங்களுடையது எப்போதும் எரிகிற வகை என்றால், பேனலுக்குப் போகும் பாசிட்டிவ் ஒயரில் ஒரு அமுக்கு சுவிட்ச் போடுங்கள். ஆணியை மாற்றும்போது 316 ரக ஸ்டெயின்லெஸ் கிடைத்தால் வாங்குங்கள், உப்பு நீருக்கு 304-ஐவிடத் தாங்கும்.

13. புது சென்சார் போட்டேன். டேங்கு நிறைஞ்சா காலின்னு காட்டுது, காலியானா நிறைஞ்சுதுன்னு சொல்லுது.

ஒயரை மாற்றி மாட்டிப் பார்த்திருப்பீர்கள், மாற்றம் இருந்திருக்காது. மிதவை சென்சாரில் இரண்டு ஒயருக்கும் பாசிட்டிவ், நெகட்டிவ் வித்தியாசம் பொதுவாகக் கிடையாது. பிரச்சினை ஜோடிப் பொருத்தம். ஐரோப்பிய வகை சென்சார் காலியில் 0, நிறைந்தால் 190 ஓம், அல்லது 10-லிருந்து 180. அமெரிக்க வகை தலைகீழ்: காலியில் 240, நிறைந்தால் 33. ஒன்றின் மீட்டருக்கு மற்றதன் சென்சாரைப் போட்டால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும்.

பழைய சென்சாரைத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள், மீட்டர் எந்த வகை என்று தெரியவில்லை என்றால் நாலாம் கேள்விச் சோதனைதான் மறுபடியும். ஒயரைக் கழற்றினால் முள் நிறைவுக்குப் போய், தொட்டால் காலிக்கு வந்தால் மீட்டர் 0–190 வகை. கழற்றினால் காலி, தொட்டால் நிறைவு என்றால் 240–33 வகை. மாற்றித் தரமாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால் சண்டை போட வேண்டாம். இரண்டு வகையையும் செட்டிங்கில் மாற்றிக்கொள்ளும் டிஜிட்டல் மீட்டர்கள் இருக்கின்றன.

சென்சாரின் நீளத்தையும் பாருங்கள். டேங்கின் உள் ஆழத்தைவிட இரண்டு சென்டிமீட்டராவது குறைவாக இருக்க வேண்டும். நீளமானதை அமுக்கி மாட்டினால் அது டேங்கின் அடியில் குத்தி நிற்கும்.

14. சென்சார் மூடியைச் சுத்தி சொட்டுது. எம்-சீல் வச்சிரட்டுமா?

ஒட்டாது. பசை கெட்டதில்லை, டேங்க் பாலிஎத்திலீன், அதில் எந்தப் பசையும் மனது வைத்துப் பிடிக்காது. ஒரு வாரம் ஒட்டின மாதிரி நடித்துவிட்டு, ஆரல்வாய்மொழி காற்றில் வண்டி ஒரு ஆட்டம் ஆடியதும் தகடாக உரிந்து வரும். சொட்டை நிறுத்துவது ரப்பர் கேஸ்கெட்தான். பழையதைத் தூக்கிப்போட்டுப் புதுசு போடுங்கள். ஸ்க்ரூவை ஒன்று விட்டு ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். பலம் காட்டினால் பிளாஸ்டிக் மரை வழுக்கிவிடும், அப்புறம் டேங்கே மாற்ற வேண்டிவரும்.

ஒயர் முனையில் சிலிக்கான் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிதுக்கும்போது வினிகர் வாசம் அடிக்கிற சிலிக்கான் காய்கையில் அமிலம் விடும், செம்பைத் தின்னும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

15. வீட்டு மாடி டேங்குக்குப் போடுகத வண்டியிலயும் போட்டா என்ன?

தொங்குகிற மிதவை சுவிட்ச் என்றால் அது உண்டு, இல்லை என்று இரண்டு வார்த்தைதான் பேசும். தண்ணீர் தீரும்போது பம்பை நிறுத்த மட்டும் வேண்டுமானால் தாராளமாகப் போடுங்கள். 230 வோல்ட்டில் ஓடும் கன்ட்ரோலர் பெட்டியை மட்டும் வண்டித் தண்ணீர் பக்கம் கொண்டுவராதீர்கள். 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் ஆணி வகைப் பேனல் வண்டியில் ஓடும், ஆனால் வண்டிப் பேட்டரி சார்ஜ் ஏறும்போது 14.4 வோல்ட் வரை போகும். அதைத் தாங்குமா என்று பெட்டியின்மேல் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

16. அல்ட்ராசானிக் போட்டா இந்தத் தொல்லையே இல்லன்னு வீடியோவுல சொல்லுகானே?

உயரமான டேங்கில் நல்லது. நம் வேன்களில் சீட்டுக்கு அடியில் வைக்கும் டேங்க் ஒரு அடி உயரம்தான் இருக்கும். விலை குறைந்த நீர்புகா அல்ட்ராசானிக் கண்களுக்கு முதல் 20 சென்டிமீட்டருக்குள் பார்வையே கிடையாது. அப்புறம் எதை அளப்பது? மூடியில் ஆவி படிந்து கண்ணில் துளி நின்றாலும் உளறும். வெளியே ஒட்டும் கெப்பாசிட்டிவ் பட்டை பிளாஸ்டிக் டேங்குக்கு நல்ல வழி, ஸ்டீல் டேங்கில் எடுபடாது.

17. பாதி இருக்குன்னு காட்டிச்சு. ரெண்டு பேர் குளிச்சு முடிக்கதுக்குள்ள தீந்துட்டு. இப்போ யாரு பொய்?

யாரும் இல்லை. சென்சார் சொல்வது உயரம், நீங்கள் கேட்பது லிட்டர். பேப்பரில் அணை மட்டம் போடுகிறார்களே, முழு மட்டம் பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி என்று. பேச்சிப்பாறை 24 அடியில் நிற்கும்போது பாதித் தண்ணீர் இருக்கிறது என்று நம்பி யாராவது நாற்று நடுவார்களா? அடியில் பள்ளம் ஒடுங்கியது, மேலே போகப் போக விரியும். சக்கர வளைவுக்கு மேல் உட்கார வைத்த டேங்கும் அப்படித்தான், அடி குறுகல், தலை அகலம். முள் பாதியில் நின்றால் தண்ணீர் பாதிக்கும் குறைவு. போதாததற்கு வெளியே போகும் குழாய் அடியிலிருந்து கொஞ்சம் மேலே இருக்கும். அதற்குக் கீழே உள்ளது உங்கள் கணக்கில் சேராது.

இதற்கு ஒரு மத்தியான வேலை இருக்கிறது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி டேங்கை முழுதாக இறக்குங்கள். 20 லிட்டர் குடிநீர் கேனை அளவுகோலாக வைத்து ஒவ்வொன்றாக ஊற்றுங்கள். ஒவ்வொரு கேனுக்கும் பிறகு தண்ணீர் அடங்கும்வரை பொறுத்து, முள் எங்கே நிற்கிறது, ஓம் எவ்வளவு என்று எழுதுங்கள். 100 லிட்டர் டேங்குக்கு ஐந்தே வரி. அந்தத் தாளை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் வண்டியில் எவ்வளவு எடை ஏற்றியிருக்கிறீர்கள் என்பதும் தெரிந்துபோகும்.

18. கோதையாறு ஏறும்போது முள் பாட்டுக்கு மேலயும் கீழயும் போகுது.

போகட்டும். ஏற்றத்தில் தண்ணீர் பின்னால் ஒதுங்கும், சென்சார் எந்த ஓரத்தில் இருக்கிறதோ அதன்படி காட்டும். சமதரையில் நிறுத்திப் பாருங்கள். புதுசாகத் துளை போடுவதாக இருந்தால் டேங்கின் நடுவில் போடுங்கள், ஆட்டம் குறையும்.

19. இவ்வளவு பாடு எதுக்கு அண்ணாச்சி, சென்சாரே இல்லாம தெரிஞ்சுக்க வழி இல்லையா?

கொத்தனார் கையில் தண்ணி மட்டம் பார்க்கும் டியூப் இருக்கிறதே, அதுதான் வழி. டேங்கின் அடிக் குழாயில் ஒரு டி (T) இணைப்பு போட்டு, கண்ணாடி போன்ற தெளிந்த டியூபை டேங்கின் வெளிச்சுவரோடு மேலே ஏற்றுங்கள். மேல்முனையை அடைக்கவும் கூடாது, திறந்து விடவும் கூடாது. அடைத்தால் காற்று சிக்கி மட்டம் பொய்யாகும், திறந்தால் திருப்பத்தில் வழியும். டேங்கின் தலையில் இன்னொரு துளை போட்டு அதிலேயே திரும்பச் சேர்த்துவிட வேண்டும். அடியில் ஒரு வால்வு வைத்தால் பார்க்கும் நேரம் மட்டும் திறந்துகொள்ளலாம், டியூப் வெடித்தாலும் டேங்க் காலியாகாது.

வெளிச்சம் பட்டால் டியூபுக்குள் பாசி பிடித்துப் பச்சையாகிவிடும், அதனால் ஒரு துணிப்பட்டையால் மூடி வையுங்கள். பதினேழாம் கேள்வியின் ஐந்து வரியையும் டியூபுக்குப் பக்கத்தில் மார்க்கரால் கோடாகப் போட்டுவிடலாம். நான் சரிசெய்து கொடுக்கும் வண்டிகளில் சென்சார் நன்றாக இருந்தாலும் இடம் இருந்தால் இதையும் ஒன்று வைத்துக்கொடுக்கிறேன். முள்ளின்மேல் சந்தேகம் வரும் இரவில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளலாம்.